பேர் அடிக்கிற நாள்

பால்பாண்டி பணத்தை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தான்.

பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போதே மாடத்தி அவனுடைய பைக்கைப் பார்த்துவிட்டாள். பால்பாண்டி சாத்தூர் வீடு கட்டும் சங்கத்தின் வசூல்காரன். தவணை தவறியவர்கள் வீட்டுக்குத்தான் வருவான். வந்தால் உட்கார மாட்டான். தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவான். இன்று நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். எதிரே தரையில் அவள் புருஷன் வேலுச்சாமி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கவர்.

“வாங்கக்கா. கடன் ஒங்க பேருல வாங்குனது. அண்ணாச்சி கையெழுத்து செல்லாதே. அதான் உக்காந்திருக்கேன்” என்றான்.

“என்ன கையெழுத்து?”

“பங்குப் பணம் வந்திருச்சு புள்ள” என்றான் வேலுச்சாமி. முகமெல்லாம் சிரிப்பு. “வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே வந்திருச்சு. ஆத்தா கண்ணைத் தெறந்துட்டா.”

இந்தப் பக்கத்தில் வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவர்கள் சங்கத்தில் பேர் அடித்துவிட்டுத்தான் வருவார்கள். கடைசித் தவணையோடு விலகல் மனுவையும் நீட்டி, உறுப்பினராகச் சேர்ந்தபோது போட்ட பங்குப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கடன் கொடுத்த இடத்தில் பேர் கிடந்தால் கடன் திரும்பி வரும் என்பது நம்பிக்கை. அந்தப் பங்குப் பணத்தில் ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் வீடு சொந்த வீடு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்டதுமில்லை.

மாடத்தியும் மனு கொடுத்திருந்தாள். கொடுத்துப் பல மாதம் ஆகிவிட்டது. பணம் கேட்டுப் போகும்போதெல்லாம் அடுத்த வாரம் வா என்றார்கள்.

“கை பூரா பேப்பர் பசை. கழுவிட்டு வாரேன்” என்று கொல்லைக்குப் போனாள்.

கையைக் கழுவக் கழுவ மதியம் அருணாதேவி சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. அருணாதேவி பேக்கிங் ஷெட்டில் பக்கத்து இடத்துக்காரி. அதே சங்கத்தில் கடன் வாங்கியவள். கட்டாதவள். வீட்டை ஏலம் விடுவோம் என்று இரண்டு முறை கடிதம் வந்திருந்தது. இன்று சாப்பாட்டு நேரத்தில் வேறொரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள்.

சாத்தூர் சங்கத்தை விருதுநகரில் இருக்கும் பெரிய சங்கத்தோடு இணைக்கப்போகிறார்கள். சாத்தூர் சங்கத்தின் காலி நிலம் நாலுவழிச்சாலைக்குப் போனதில் வந்த இழப்பீடு வங்கியில் கிடக்கிறது. இணைவதற்கு முன்னால் அதை உறுப்பினர்களுக்குச் சரிசமமாகப் பிரித்துக் கொடுப்பதாகத் தீர்மானம் போடப்போகிறார்கள். ஆடிக் கடைசி வெள்ளியன்று பேரவைக் கூட்டம். அன்றைக்கு யார் பேர் பதிவேட்டில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பணம்.

“கட்டாதவளுக்கு வந்த யோகத்தைப் பாத்தீகளாக்கா” என்று அருணாதேவி சிரித்தாள். “யோக்கியமாக் கட்டுனவுக எல்லாம் பேரை அடிச்சிட்டு வெளிய நிக்கீக. நான் நாமம் போட்டவ. உள்ள இருக்கேன். இனிமே எவனாச்சும் கடனைக் கட்டுன்னு சொல்லட்டும், செருப்பு பிஞ்சிரும்.” ஷெட்டே சிரித்தது. பிறகு மாடத்தியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “ஒங்க பேரு அடிச்சாச்சுல்லக்கா?”

பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்று மாடத்தி சொன்னாள்.

“அப்ப வாங்காதீக. ஆத்தா மேல சத்தியமா வாங்காதீக.”

மாடத்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பால்பாண்டி ரசீதை விரித்துப் பேனாவையும் திறந்து வைத்திருந்தான்.

“இத்தன மாசமா அலையவிட்டீக. இப்ப என்ன வீடு தேடி வந்திருக்கீக?”

“செயலாளர் சொன்னாரு. கோயிலுக்குப் போற சனம், கையில காசு இருக்கட்டும்னாரு. நல்ல மனுசன்க்கா.”

“நான் வெள்ளிக்கிழமை ஆபீசுக்கே வந்து வாங்கிக்கிறேன்.”

பால்பாண்டி காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். “வெள்ளிக்கிழமை ஆபீசு கிடையாது.”

“கூட்டம் இருக்காமே.”

வேலுச்சாமி இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பால்பாண்டி ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கவரையும் எடுத்துக்கொண்டான்.

“நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த மனு எங்ககிட்ட இருக்குக்கா. பணம் வாங்குனாலும் வாங்காட்டியும் பேரு போனது போனதுதான். நல்லதுக்குச் சொன்னேன்.” வாசலில் நின்று பைக்கை உதைத்தான். “காளீஸ்வரன் வீட்டுக்கும் போகணும். அவுகளாவது ஆளைப் பாத்து நடந்துக்குவாகளான்னு பாப்போம்.”

பைக் திரும்புவதற்குள் மாடத்தி கொல்லை வழியாக அடுத்த தெருவுக்கு ஓடினாள். காளீஸ்வரன் பெண்டாட்டி இசைவாணி வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவளும் கட்டி முடித்து மனு கொடுத்தவள். “எதுலயும் கையெழுத்துப் போடாத” என்று மட்டும் சொன்னாள் மாடத்தி. இசைவாணி ஏன் என்று கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். பால்பாண்டி தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று இரவு மாடத்தி கூட்டத்தைப் பற்றி எல்லாம் சொன்னாள். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து வேலுச்சாமி கேட்டான்.

“எம்புட்டுத்தான் வந்தாலும் அந்தக் காசு நமக்கு எதுக்கு?”

“ஒங்க அட்வான்சை அடைக்க.”

சங்கத்துக் கடனைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கியவன் அவன்தான். பேர் கிடக்கிறதே, பேர் கிடக்கிறதே என்று ஒரு வருடம் தூங்காமல் இருந்துவிட்டு வாங்கினான். கொடுத்த கையோடு கம்பெனி அவனை லோடு ஏற்றும் வேலையிலிருந்து வெடிமருந்து செலுத்துகிற அறைக்கு மாற்றியது. அங்கே கூலி கூட. போக ஆள் குறைவு. அட்வான்ஸ் தீரும்வரை வேறு கம்பெனிக்குப் போக முடியாது, வேறு வேலை கேட்கவும் முடியாது. ஆடி முடிந்தால் தீபாவளி சீசன். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஆறு பேர் உட்காருவார்கள்.

சோற்றைப் பிசையும் அவனுடைய விரல்கள் எவ்வளவு தேய்த்தும் போகாத வெள்ளிப் பூச்சோடு இருந்தன. அலுமினியப் பொடி. மாடத்தி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அட்வான்சைக் கட்டிட்டா நாளைக்கே லோடு வேலைக்குத் திரும்பிரலாம். நான் வேற ஒண்ணும் கேக்கல.”

“பேரு அடிச்சிட்டு வாரேன்னு ஆத்தாகிட்டச் சொல்லியிருக்கேன். சொல்லிட்டுத்தான் தெனமும் அந்த அறைக்குள்ள காலை வைக்கேன். காசைக் கண்டதும் பேரை அங்கனயே போட்டுட்டு வந்து கிடா வெட்டச் சொல்லுதியா?” அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது அட்வான்சுனால ஆகாது. வாக்குத் தவறுனதுனால ஆகும்.”

“சரி” என்றாள் மாடத்தி.

“என்ன சரி?”

“வெள்ளிக்கிழமை போயி பணத்தை வாங்கிட்டு, பேரை அடிச்சிட்டு வாரேன். பால்பாண்டி கையில வேண்டாம்னு பாத்தேன், அம்புட்டுத்தான்.”

அவன் நம்பினான். மீதிச் சோற்றைச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே ஆட்கள் குட்டியானை வண்டியில் ஏறினார்கள். வேலுச்சாமி, காளீஸ்வரன், இசைவாணி, இன்னும் தெருவில் பாதிப் பேர். எல்லோரும் மஞ்சளும் சிவப்புமாக. இசைவாணி அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தாள். மாடத்தி விசயத்தை அவளிடம் சொல்லியிருந்தாள், ஆனால் அவளால் கூட்டத்துக்கு வர முடியாது. வண்டிக்குப் பின்னால் மாடத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும் சேத்துப் பேசிட்டு வாங்க மதினி. நான் பணம் வாங்கலைன்னு சொல்லுங்க. எனக்கு அங்கன வந்தாலும் பேச்சு வராது.”

“பேசுறேன்.”

“எங்க வீட்டுக்காரரும் அந்த மருந்து அறையிலதான இருக்காரு” என்றாள் இசைவாணி. வண்டியில் ஏறிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

“பானை வெக்க மாட்டேன்” என்று வேலுச்சாமி மேலிருந்து கத்தினான். “நீ போன் பண்ணுன பெறகுதான் அரிசி போடுவேன்.”

கூட்டம் சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். பஸ் முழுக்கக் கோயில் சனம். சாத்தூரில் இறங்கி எல்லோரும் இருக்கன்குடி பஸ்ஸுக்கு ஓடினார்கள். மாடத்தி எதிர்ப் பக்கம் நடந்தாள். பட்டாசு, தீப்பெட்டி ஆட்கள் ஒருவர்கூட ஊரில் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் இந்த நாளை வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலில் மேசை போட்டு பால்பாண்டி பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தான்.

“ஒங்க பேரு இல்லக்கா.”

“பணம் வாங்காம எப்பிடி இல்லாமப் போகும்?”

“அன்னைக்கே சொன்னேன்ல.”

“சத்தமாச் சொல்லுலே. உள்ள இருக்கிற அதிகாரிக்குக் கேக்கணும். தவணைக்குத் தெரு கூட்டிப் பேசத் தெரியுதுல்ல? இப்பப் பேசு.”

உள்ளே தலைகள் திரும்பின. செயலாளர் சரவணக்குமார் வேகமாக வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். அவளைத் தொடாமல், கையை மட்டும் காட்டிச் சமையல்கட்டுப் பக்கம் அழைத்துப்போனார். கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவில் நின்று மெதுவாகப் பேசினார்.

“எதுக்கும்மா கோவம்? பேரு விட்டுப்போச்சு. சேத்திருவோம். நான் எழுதுனா முடிஞ்சது.”

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று மாடத்தி நினைக்கவில்லை. “இசைவாணி பேரும் விட்டுப்போச்சு. காளீஸ்வரன் பெண்டாட்டி. அவளும் பணம் வாங்கல.”

“வந்திருக்காகளா?”

“அக்கினிச்சட்டி எடுக்கப் போயிருக்கா. அவளுக்கும் சேத்து நான் பேசுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

சரவணக்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் சொல்றதைப் பொறுமையாக் கேளுங்க. நேர்ல வந்து நிக்கிற ஒரு ஆளு, ஒரு பேரு, அது கைத்தப்புன்னு போயிரும். வராத ஆளுக்குப் பேசுனீகன்னா அதிகாரி விடமாட்டாக. இன்னும் யாரு யாரு மனு குடுத்திருக்காக, எல்லாரையும் கூப்பிடு, விசாரிக்கணும்பாக. கூட்டம் தள்ளிப்போகும். ஒண்ணாம் தேதி இணைப்பு. அதுக்குள்ள தீர்மானம் ஆகலைன்னா அம்புட்டுப் பணமும் விருதுநகர் சங்கத்துக்குப் போயிரும். அங்கன உறுப்பினரு ஆயிரக்கணக்குல இருக்காக. பிரிச்சா ஆளுக்கு ஒரு பொட்டலம் மிச்சர் வாங்கலாம்.”

“அது அவ பணம்.”

“ஒங்க பணமும்தான். நல்லா யோசிங்க. அதிகாரி கேப்பாக. ஒங்களைத் தவிர வேற யாரும் உண்டான்னு கண்டிப்பாக் கேப்பாக.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனார்.

அண்டா மறைவிலிருந்து அருணாதேவி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஷெட்டில் சிரித்த முகம் இல்லை.

“யக்கா.”

“நீதான வாங்காதன்னு சொன்ன?”

“ஒங்களுக்குச் சொன்னேன்க்கா. ஊருக்கா சொன்னேன்?” அவள் மாடத்தியின் முழங்கையைப் பிடித்தாள். “இந்தக் காசு வந்தாத்தான் பாக்கியை அடைக்க முடியும். தள்ளிப்போச்சுன்னா ஏலம் வந்திரும். விருதுநகர்க்காரன் பால்பாண்டி மாதிரி கத்திட்டுப் போகமாட்டான். பூட்டிட்டுத்தான் போவான். நான் பிள்ளைகளை இழுத்துட்டு எங்கக்கா போவேன்?”

“இசைவாணிகிட்ட நான் என்ன சொல்ல?”

“கேட்டேன், முடியாதுன்னுட்டாகன்னு சொல்லுங்க. அவளுக்கு எப்பிடித் தெரியும்?” சொல்லிவிட்டு அருணாதேவியே தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளே மைக்கில் மாடத்தியின் பேர் கேட்டது.

கூடத்தில் பாதி நாற்காலிகள் காலி. மேடையில் கூட்டுறவுத் துறை அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், முன்னால் கோப்பை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் சரவணக்குமார். மாடத்தி நடுவழியில் நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“விலகல் மனு கொடுத்திருக்கீங்க. பங்குத் தொகை வாங்கினீங்களா?”

“வாங்கலம்மா.”

“உறுப்பினரா நீடிக்க விரும்புறீங்களா?”

வேலுச்சாமி ஆற்று மணலில் வெறும் பானைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். “ஆமாம்மா” என்றாள்.

“சரி. மனுவைத் திரும்பப் பெறுறதா எழுதிக் கையெழுத்துப் போடுங்க.” அதிகாரி கோப்பைப் புரட்டினார். பிறகு நிமிர்ந்தார். “உங்களை மாதிரி மனு கொடுத்துட்டுப் பணம் வாங்காதவங்க வேற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சு இருக்காங்களா?”

சரவணக்குமார் அவளைப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் யாரோ, “சீக்கிரம் சொல்லும்மா, வேலை கெடக்கு” என்றார்கள். சுவர் ஓரமாக அருணாதேவி நின்றாள்.

மாடத்தி அந்த அறையை நினைத்தாள். ஒருமுறைதான் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள், சாப்பாடு கொடுக்கப் போனபோது. தரையில் ரப்பர் விரிப்பு. இரண்டு பக்கமும் வாசல், ஓடுவதற்கு. இடது வாசலுக்குப் பக்கத்தில் வேலுச்சாமி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முதுகு காட்டி, வலது வாசலுக்குப் பக்கத்தில் காளீஸ்வரன்.

“கேள்வி புரியுதாம்மா?” என்றார் அதிகாரி.

“புரியுதும்மா.”

“இருக்காங்களா?”

“இல்லம்மா. நான் ஒருத்திதான்.”

சரவணக்குமார் பேனாவை மூடி வைத்தார். அதிகாரி குறித்துக்கொண்டார். பால்பாண்டி தாளைக் கொண்டுவந்து நீட்டினான். தாளை வைத்து எழுதப் பக்கத்து நாற்காலிக்காரி குனிந்து முதுகைக் கொடுத்தாள். மாடத்தி எழுத்துக் கூட்டி எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு தீர்மானம் வாசித்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். எண்ணி முடியும்வரை தூக்கியே வைத்திருந்தாள்.

கைதட்டல் அடங்கும் முன் போன் அடித்தது. அவள் வாசலுக்கு வந்து எடுத்தாள். மேளமும் உறுமியும் காதை அடைத்தன.

“என்னாச்சு புள்ள?” வேலுச்சாமி கத்தினான். “எல்லாரும் பொங்கிட்டாக. நான் மட்டும் அடுப்பைப் பாத்துக்கிட்டு இருக்கேன். பேரு அடிச்சாச்சா?”

மாடத்தி மண்டபத்துக்குள் திரும்பிப் பார்த்தாள்.

“கேக்கலையா? பேரு அடிச்சாச்சான்னு கேட்டேன்.”

“அடிச்சாச்சு.”

“அடிச்சாச்சாம்!” அவன் யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது. “போடு, அரிசியைப் போடு!” பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவைக்குள்ளேயே போன் கை மாறியது.

“மதினி.” இசைவாணியின் குரல். மூச்சு வாங்கியது. அப்போதுதான் சட்டியை இறக்கி வைத்திருக்க வேண்டும். கூட்டத்திலிருந்து விலகி வந்து பேசுகிறாள் என்று தெரிந்தது, சத்தம் குறைந்துகொண்டே போனது. “அண்ணன் இந்தப் பக்கம் இல்ல. சொல்லுங்க. நம்ம விசயம் என்னாச்சு?”

“ரெண்டு பேரையும் அடிச்சுட்டாக தாயி.”

“கேட்டீகளா?”

“கேட்டேன்.”

“போகுது விடுங்க” என்றாள் இசைவாணி. “நீங்க ஒத்தையில அங்கன எம்புட்டு மல்லுக்கட்டுனீகளோ. நான் வந்திருக்கணும். இந்த ஆளுகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.” பின்னால் காளீஸ்வரன் எதற்கோ அவளைக் கூப்பிட்டான். “இந்தா வாரேன். மதினி, சாப்பிட்டீகளா?”

“இல்ல.”

“கறி எடுத்து வெக்கேன். நேரா இங்கன வந்துருங்க. என்ன?”

“ம்.”

“வந்துருவீகல்ல?”

உள்ளே பாக்கெட் மிச்சரும் டீயும் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அருணாதேவி இரண்டு கப்போடு வாசலுக்கு வந்து, ஒன்றை மாடத்தியிடம் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“வாரேன்” என்று மாடத்தி போனில் சொன்னாள். டீயை வாங்கிக்கொண்டாள்.